ஆற்றங்கரை நரை அணில் ஏரிக்கரையில் ஏன் இல்லை?

பாலக்கோட்டுப் பக்கம் விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒகேனக்கல்லில் காவிரிக் கரை மரங்களில் நரை அணில் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் அதே நீர்மருது, அதே புளி, அதே புங்கை நிற்கிறது, ஆனால் பேருக்கு ஒரு நரை அணில்கூட இல்லை. பறவைப் புத்தகத்து வரைபடத்தில் தென்னிந்தியா பூராவும் வண்ணம் பூசியிருக்கும் பறவை எங்கள் பக்கம் ஒரே ஒரு கரட்டில்தான் தென்படுகிறது. அப்படியென்றால் ஒரு உயிரினம் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதை எது முடிவு செய்கிறது?

தம்பி, முதலில் அணிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நரை அணில் தரைக்கு இறங்க விரும்பாத பிராணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றுகிறார்களே, அந்தச் சாம்பல் நிற அணில்தான் இதுவும். உலகத்தில் இலங்கையையும் தென்னிந்தியாவில் சில துண்டுக் காடுகளையும் விட்டால் வேறு எங்கும் கிடையாது. சாப்பிடுவது, தூங்குவது, குட்டி போடுவது எல்லாம் மரத்தின் மேல்தான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கிளை வழியாகத்தான் போகும். கூடு கட்டும் இடத்தைக் கொஞ்சம் நின்று கவனித்தால் புரியும்: தனியாக நிற்கும் மரத்தில் கட்டாது, நாலு பக்கமும் பக்கத்து மரக்கிளைகள் வந்து கோத்துக்கொள்ளும் உச்சியைப் பார்த்து, குச்சியும் தழையும் சேர்த்து உருண்டையாகக் கட்டும். கழுகு வந்தாலும் சரி, சிறுத்தை ஏறினாலும் சரி, எந்தப் பக்கமும் தாவித் தப்பிக்க வழி வேண்டும். இப்போது உங்கள் ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். மரம் இருக்கிறது, ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. காவிரிக் கரையில் இருந்து உங்கள் ஏரி வரைக்கும் நடுவில் கேழ்வரகு வயல், தக்காளித் தோட்டம், தார்ச்சாலை, வீடுகள். மரம் விட்டு மரம் தாவியே வரவேண்டிய ஒரு பிராணி இந்த வெட்டவெளியை எப்படித் தாண்டும்? ஆக, ஏரிக்கரை அதற்குப் பிடிக்காத இடம் என்பது முதல் காரணமே இல்லை. அங்கே வந்து சேர வழியில்லை.

அதோடு முடியவில்லை. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் இருப்பது இலையுதிர் காடு. ஆச்சா மரமும் உசிலும் கருங்காலியும் கல்மூங்கிலும் நிற்கும் காடு. மாசி பங்குனியில் அந்தக் காடு மொட்டையாகி நிற்கும், நிழல்கூட இருக்காது. ஆனால் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் கோடை பூராவும் பச்சையாக இருக்கும், ஏனென்றால் நீர்மருதுக்கும் நாவலுக்கும் காட்டு மாவுக்கும் வேர் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது. நரை அணில் வாழ்வது அந்தப் பட்டையில்தான். மேலே இருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் காடு தெரியும், ஆனால் அணிலுக்கு அதில் காடு என்பது காவிரியும் சின்னாறும் தொட்டல்லாவும் ஓடும் ஓரங்களில் உள்ள ஒரு நாடா மட்டும்தான். அந்த நாடாவில் ஓரிடத்தில் பத்து மரம் வெட்டினாலும், மலை மேலே நூறு மரம் வெட்டியதைவிட அணிலுக்கு அது பெரிய இழப்பு. காட்டுப் பரப்பு இத்தனை சதவீதம் என்று கணக்குச் சொல்லும்போது இந்த வித்தியாசம் எங்கேயும் தெரியாது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வந்து சேர முடியுமா என்ற விஷயம் அணிலுக்கு மட்டும் உரியதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம்முடைய இரண்டு மாவட்டத்து மலைகளையும் பாருங்கள். மேற்கே மேலகிரி மலைத்தொடர், அது கர்நாடகத்தின் பன்னேர்கட்டா, காவிரிச் சரணாலயம், மாதேஸ்வரன் மலை வழியாகச் சத்தியமங்கலம் வரை காடாகவே தொடர்ந்து போகிறது. கிழக்கே சித்தேரி மலை, தீர்த்தமலை. நடுவில் வத்தல்மலை. இந்த மூன்றுக்கும் இடையில் காரிமங்கலம், மொரப்பூர் சமவெளி, தேசிய நெடுஞ்சாலை, ரயில் பாதை. 1960-களில் மெக்ஆர்தர், வில்சன் என்ற இரண்டு உயிரியலாளர்கள் கடல் தீவுகளை வைத்து ஒன்று சொன்னார்கள்: தீவு பெரிதாக இருந்தால் அதிக இனங்கள் தங்கும், கரைக்கு அருகில் இருந்தால் அழிந்த இனம் மறுபடி வந்து சேர வாய்ப்பு அதிகம், சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் இரண்டும் குறையும். கடலுக்குப் பதில் வயல் என்று வைத்துக்கொண்டால் சித்தேரியும் வத்தல்மலையும் அப்படித்தான். ஆனால் இங்கே ஒரு திருத்தம் வேண்டும். கடல் எல்லாத் தரைவாழ் உயிருக்கும் கடல்தான், வயல் அப்படியில்லை. கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் பழந்தின்னி வௌவாலுக்கும் குக்குறுவானுக்கும் மூன்று வரி அணிலுக்கும் நடமாட வசதியான இடம், காட்டெருமைக்கு அது தாண்ட முடியாத வெளி. ஒரே நிலப்பரப்பு, ஆனால் ஒவ்வொரு உயிருக்கும் வேறு வேறு வரைபடம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

யானை இதற்கு நேர் எதிர். அது எதையும் தாண்டும். ஜவளகிரி வழியாக இறங்கித் தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும், இடையில் உள்ள வயலை இரவில் கடக்கும். 1980-களில் இந்தப் பக்கத்துக் கூட்டங்கள் சில, நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதிக்கே போய்த் தங்கிவிட்டன, அதற்கப்புறம் 1990-ல் அங்கே கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. ஒரு இனத்தின் எல்லைக்கோடு நம் கண்முன்னாலேயே நகர முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி நம் ஊரில் கிடையாது. ஆனால் தாண்ட முடிவதும் தாண்டிப் பிழைப்பதும் வேறு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே ஒரு வயலில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக் கிடந்ததும், அவற்றின் இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றதும் எல்லோரும் பார்த்ததுதான். உங்கள் பாலக்கோட்டுப் பக்கம் நடந்தது அது. காட்டை ஒட்டிய நிலத்துக்காரரின் நஷ்டம் உண்மையானது, ஒரே இரவில் ஒரு வருஷத்துக் கேழ்வரகு போகும். அதற்கு இழப்பீடு காலத்தில் வரவேண்டும் என்று கேட்பதும் யானையைப் பற்றிய பேச்சில் ஒரு பகுதிதான், வேறு பேச்சல்ல.

சரி, வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அந்த இடத்தின் வெயில், தண்ணீர், மண், பாறை எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிக்க நம் மாவட்டங்களைப் போல் வசதியான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், அது மைசூர் பீடபூமியின் விளிம்பு. சூளகிரியைத் தாண்டி இறங்கினால் கிருஷ்ணகிரி 500 மீட்டர் சுமார். ஒகேனக்கல் போனால் 250 மீட்டர்தான். ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று படிகள். மேல்படியில் மார்கழியில் கம்பளி தேடுவோம், கீழ்ப்படியில் சித்திரையில் பாறையில் கால் வைக்க முடியாது.

இதைச் சின்னான்களை வைத்துப் பார்க்கலாம். கொண்டைக்குருவி என்று ஊரில் சொல்வோமே, அந்தக் குடும்பம். செங்குதச் சின்னான் எல்லா இடத்திலும் இருக்கும், பேருந்து நிலையத்து வேப்பமரம் முதல் காட்டோரம் வரை அதற்கு எதுவும் ஆகும். செம்மீசைச் சின்னானுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியும் ஈரமும் அடர்ந்த தோட்டமும் வேண்டும், அதனால் தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படும், சமவெளிக்கு இறங்க இறங்கக் குறையும். வெண்புருவச் சின்னான் முட்புதருக்குள் இருக்கும், கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவது அதிகம், படபடவென்று ஒரு சத்தம் புதருக்குள் இருந்து வரும், ஆளைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும். நான்காவது, மஞ்சள் தொண்டைச் சின்னான். உங்கள் கேள்வியில் வந்த பறவை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தென்னிந்தியாவுக்கு வெளியே உலகில் எங்கும் இல்லை, அழிவாய்ப்புள்ள இனம் என்று பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, பாறைக் கரடும் புதரும் சேர்ந்த சரிவுகளை விட்டு விலகாது.

அந்தக் கரடு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கிருஷ்ணகிரியைச் சுற்றி, பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கம், குண்டு குண்டாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் குன்றுகள் நிறைய. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத மொட்டைக் கல். கிட்டே போனால், இரண்டு பாறைக்கு நடுவில் உள்ள இடுக்கில் மழைத்தண்ணீர் வழிந்து மண் சேர்ந்திருக்கும். வெயில் நேராக விழாததால் அந்த மண் வெளியில் உள்ளதைவிட நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அதில் கல்லிச்சி வேர்விட்டுப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் சதுரக்கள்ளி, விராலி, காரை, தேவதாரம். கல்லிச்சி பழுத்தால் சின்னானுக்குச் சாப்பாடு. நடுப்பகலில் வெளிப்பாறை சுடும்போது அந்த இடுக்கு குளிர்ச்சியாக இருக்கும். பருந்து வந்தால் புகுந்துகொள்ள ஒரு பொந்து. இரவில் கொம்பன் ஆந்தைக்கு அதே பாறையின் விளிம்பு, பகலில் கரடிக்கு அடியில் உள்ள குகை. வடக்குப் பார்த்த முகத்தில் செடி அடர்த்தியாகவும், தெற்குப் பார்த்த முகம் காய்ந்தும் இருப்பதைப் பல கரடுகளில் பார்க்கலாம், சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து போவதால். ஆக ஒரே கரட்டுக்குள்ளேயே இரண்டு வகை இடம். மஞ்சள் தொண்டைச் சின்னான் இந்தக் கரட்டில் இருக்கிறது, நடுவில் வயல் உள்ள அடுத்த கரட்டிலும் இருக்கலாம், ஆனால் நடுவில் உள்ள வயலில் இருக்காது. புத்தகத்து வரைபடம் அந்த நடுவெளிக்கும் சேர்த்தே வண்ணம் பூசியிருக்கும். வரைபடம் பொய் சொல்லவில்லை, அது ரொம்ப உயரத்தில் இருந்து பேசுகிறது. தென்னிந்தியா என்ற அளவில் பார்த்தால் மழையும் வெப்பமும் காரணமாகத் தெரியும், மாவட்ட அளவில் மலையும் காடும், கரட்டு அளவில் பாறை இடுக்கும் கல்லிச்சியும். எந்த அளவில் நின்று கேட்கிறோமோ அதற்கேற்றபடிதான் பதில் வரும். உங்கள் ஆய்வில் இதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு காரணம் சொல்லி வீணாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

இங்கே என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி என்றாலே கிரானைட். வெட்டுவதற்குச் சுலபம் என்று பார்க்கப்படுவது இந்தக் கரடுகள்தான், ஏனென்றால் அங்கே மரம் இல்லை, விவசாயம் இல்லை, வருவாய்ப் பதிவேட்டில் பெரும்பாலும் தரிசு அல்லது பாறைப் புறம்போக்கு. மரம் வெட்டினால் கேட்க ஆள் உண்டு, கல் வெட்டினால் யாரும் கேட்பதில்லை. காடு வெட்டிய இடத்தில் ஐம்பது வருஷத்தில் ஏதோ ஒரு காடு வரும். அறுத்தெடுத்த பாறை திரும்ப வளராது, அந்த இடுக்குகள் போனால் போனதுதான். மரம் நட்டு ஈடுகட்டுகிறோம் என்பது இந்த விஷயத்தில் பொருந்தவே பொருந்தாது. மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குத் தைலமரத் தோப்பால் என்ன பயன்?

ஓணான்களும் இதையே சொல்லும், அதுவும் பார்க்க எளிதாக. வேலியிலும் தோட்டத்திலும் நிற்பது சாதாரண ஓணான். பாறை மேல் மட்டும் இருப்பது பாறை ஓணான், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முதுகு சிவப்பும் பக்கவாட்டில் கறுப்புமாக மாறிப் பாறை உச்சியில் உட்கார்ந்து தண்டால் எடுப்பதை ஓசூர்ப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் மேல்கூடப் பார்க்கலாம். சுவரும் அதற்கு ஒரு பாறைதான். மூன்றாவது விசிறித்தொண்டை ஓணான், மரமும் பாறையும் இல்லாத திறந்த தரையில் ஓடுவது, ஆண் தொண்டையை விசிறி போல் விரித்துக் காட்டும். அது கேட்பது வெறும் வெட்டவெளி. இந்த வெட்டவெளியைத்தான் நாம் பயனற்ற நிலம் என்று நினைத்துப் பள்ளம் தோண்டி மரம் நடுகிறோம்.

இனி மூன்றாவது சங்கதி. வந்து சேரவும் முடிந்தது, இடமும் ஒத்துக்கொண்டது, ஆனாலும் அங்கே மற்ற உயிர்கள் அதை இருக்க விட வேண்டும். தாங்கக்கூடிய இடம் வேறு, வாழக் கிடைக்கும் இடம் வேறு, இரண்டாவது எப்போதும் முதலாவதற்குள் அடங்கியது என்று 1957-ல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் பிரித்துச் சொன்னார். நமக்கு இதைக் காட்டுவது காவிரி மகசீர் என்ற ஆற்றுமீன். ஒகேனக்கல்லுக்கு மேலே பாறைகளுக்கு இடையில் வேகமாக ஓடும் காவிரியில் முதுகில் திமில் மாதிரி உயர்ந்த ஒரு பெரிய மகசீர் இருந்தது, ஆள் கனத்துக்கு வளரும் என்று பெயர் பெற்றது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோதே கீழ்ப்பகுதி தேங்கிய நீராகிவிட்டது, தேங்கிய நீர் அதற்கு ஆகாது, கூழாங்கல் மேல் ஓடும் தண்ணீரில்தான் அது முட்டையிடும். மேலே மிச்சம் இருந்த ஓட்டத்தில் 1970-களில் தொடங்கி வேறொரு மகசீரின் குஞ்சுகளை விட்டார்கள், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகசீர். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆற்றில் மீன் பெருகட்டும் என்று. வந்த மீன் பெருகியது, ஏற்கெனவே இருந்தது குறைந்துகொண்டே போனது. வெடி வைத்துப் பிடிப்பதும் மணல் அள்ளுவதும் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கூடச் சேர்ந்துகொண்டன. திமில் மகசீர் எந்த இனம் என்று அறிவியல் முறைப்படி உறுதியானதே 2018-ல்தான், அதற்குள் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகிவிட்டது. ஆறு அங்கேயேதான் இருக்கிறது, பாறையும் வேகமும் இன்னும் இருக்கின்றன, ஆனால் இடம் பறிபோய்விட்டது.

நிலத்தில் இந்த வேலையைச் செய்வது உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும். உண்ணிச்செடி மண்டிய காட்டில் அடியில் புல் வளராது, புல் இல்லையென்றால் புள்ளிமானும் காட்டெருமையும் வேறு பக்கம் நகரும், அவை நகர்ந்தால் செந்நாயும் சிறுத்தையும் நகரும். ஆனால் அதே உண்ணிப்பழத்தைச் சின்னான் விரும்பித் தின்று விதையையும் பரப்பும். ஒருவருக்குக் கேடு, இன்னொருவருக்குச் சாப்பாடு. அதனால் ஒரு களைச்செடி வந்ததும் உயிர்களெல்லாம் அழிந்துவிட்டன என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள், எது போனது, எது கூடியது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

அப்புறம் ஒரு இனத்தை ஓரிடத்தில் பார்த்துவிட்டால் அது அங்கே வாழ்கிறது என்று ஆகிவிடாது. நம் ஏரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீரோடு கெண்டையும் கெளுத்தியும் கீழ் ஏரிக்கு வரும், ஐப்பசி கார்த்திகையில் வலை வீசினால் மீன் இருக்கும். வைகாசியில் ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கும், அத்தனையும் செத்துப் போகும். மறுவருஷம் மறுபடி மேலே இருந்து வரும். இந்த ஏரியில் மீன் உண்டா என்றால் உண்டு, ஆனால் அதன் வாழ்வு நிற்பது மேல் ஏரியிலும், இரண்டையும் இணைக்கும் வாய்க்காலிலும். வாய்க்காலில் ஒருவர் வீடு கட்டிவிட்டால் கீழ் ஏரியில் எந்தக் குறையும் இல்லாமலேயே அடுத்த ஆண்டு மீன் இருக்காது. வழிந்து வரும் இடமும் ஊறிப் பெருகும் இடமும் எது எது என்று தெரியாமல் பாதுகாப்புக்கு எல்லை போட்டால் தவறான இடத்துக்கு வேலி போட்டுவிடுவோம்.

யானைக்கும் இதில் பங்கு உண்டு. வருஷம் பூராவும் அது ஒரே இடத்தில் இல்லை. ஐப்பசிக்கு மேல் கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும், அறுவடை முடிந்து காடு காய்ந்தால் தண்ணீர் தேடிக் காவிரிப் பக்கம் ஒதுங்கும். மே மாதம் மட்டும் கணக்கெடுத்தால் ஒரு வரைபடம், டிசம்பரில் எடுத்தால் இன்னொன்று. 2014-ல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயமும் (சுமார் 504 சதுர கிலோமீட்டர்), 2022-ல் அறிவித்த காவிரி தெற்குச் சரணாலயமும் (சுமார் 686 சதுர கிலோமீட்டர்) உண்மையிலேயே பெரிய காரியங்கள், கர்நாடகக் காடுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஆற்றின் இரு கரையும் ஒன்றாகின்றன. நரை அணிலுக்கும் நீர்நாய்க்கும் முதலைக்கும் நாற்கொம்பு மானுக்கும் அது ஆறுதல். ஆனால் சானமாவு மாதிரித் துண்டுக் காடுகளும், பேரண்டப்பள்ளியில் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடமும், கிருஷ்ணகிரிக் கரடுகளும், விசிறித்தொண்டை ஓணானின் வெட்டவெளியும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன.

உங்கள் ஆய்வுக்கு நேராக உதவும் விஷயத்துக்கு வருகிறேன். இல்லை என்று எழுதுவதற்கு முன் ஆயிரம் தரம் யோசியுங்கள், ஏனென்றால் பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கரட்டில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை போயும் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு 34 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு கரட்டில் இருக்கும் பறவையை இல்லை என்று எழுதிவிடுவீர்கள். ஆறு தடவை போனால் அது 12 சதவீதமாகக் குறையும். இதைச் சரிக்கட்டத்தான் 2002-ல் மெக்கென்சி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பார்த்ததையும் பார்க்காததையும் பதிந்து, கண்ணில் படும் வாய்ப்பைத் தனியாகவும் அந்த இடத்தில் இருக்கும் வாய்ப்பைத் தனியாகவும் பிரித்தெடுப்பது. அதற்குத் தேவை ஒன்றும் பெரிதில்லை, ஒழுங்கான குறிப்பேடு போதும். ஆனால் பார்க்காத நாளையும் எழுத வேண்டும், பெரும்பாலானவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, சாலையோரத்தில் இருந்து மட்டும் பார்க்காதீர்கள். இணையத்தில் பதிவாகும் பறவைப் பட்டியல்களை வரைபடத்தில் போட்டால் பறவைகள் தார்ச்சாலையை ஒட்டியே வாழ்வது மாதிரி இருக்கும், உண்மையில் நாம்தான் சாலையை ஒட்டி நிற்கிறோம்.

எதை எடுத்துச் செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நரை அணிலைத் தொடாதீர்கள், காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகளில் யானை நடமாட்டம் இருக்கும், தனியாகப் போகும் வேலை அது இல்லை. மூன்று ஓணான்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரைச் சுற்றியே, காப்புக்காட்டுக்கு வெளியே, பாறைக் கரடு, வேலியும் தோட்டமும் உள்ள இடம், திறந்த மேய்ச்சல் நிலம் என்று மூன்று வகையிலும் சமமான எண்ணிக்கையில் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே நீளத்துக்குப் பாதை வகுத்து, வெயில் ஏறும் அதே நேரத்தில், கோடையில் சில தடவையும் மழைக்குப் பிறகு சில தடவையும் நடங்கள். ஓணான் உட்கார்ந்திருந்தது கல்லிலா, செடியிலா, தரையிலா, தரையில் இருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் ஒளிய எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். இடம் வகைக்கு மேல் இந்தச் சின்ன அளவுகள்தான் நிறையப் பேசும்.

அது முடிந்து கை பழகிய பிறகு அணிலுக்கு வரலாம், கல்லூரி வழியாக மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்கி, வனக்காவலரோடு போங்கள். அணிலைத் தேடி அலைய வேண்டாம், கூட்டைத் தேடுங்கள், கோடையில் பக்கத்து மரங்கள் இலை உதிர்த்த பிறகு கூடு தூரத்தில் இருந்தே தெரியும். சின்னாறு காவிரியில் சேரும் இடத்திலிருந்து மேலே நடந்து, கரை மரங்களின் கிளைகள் எங்கெங்கே விட்டுப்போகின்றன, அந்த இடைவெளி எத்தனை மீட்டர், இடைவெளிக்கு அந்தப் பக்கம் கூடு இருக்கிறதா என்று குறித்துக்கொண்டே போனால், எத்தனை மீட்டருக்கு மேல் அணில் தாண்டுவதில்லை என்று நம் ஊர் ஆற்றுக்கே ஒரு விடை கிடைக்கும். எந்த இடைவெளியில் முதலில் நீர்மருது நட வேண்டும் என்று வனத்துறைக்குக் காட்ட அந்தக் குறிப்பேடு போதும்.